டிபிஎம் சிப்பை ஃபர்ம்வேரில் அமைப்பது எப்படி: முதலில் சாவி, பிறகு சிப், கடைசியில் மற்றவை

நீலத் திரை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது என்று பதறிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: அந்தத் திரை வந்த பிறகு என்னென்ன அழுத்தினீர்கள்? பெரும்பாலும் அது வந்த நேரத்தில் எதுவும் கெட்டிருக்காது. அதற்குப் பிறகு பதற்றத்தில் செய்த இரண்டாவது, மூன்றாவது காரியத்தில்தான் சாவி அழிந்திருக்கும். சாவி என்று நான் சொல்வது, விண்டோஸின் வட்டு மறையாக்கமான பிட்லாக்கரின் சாவியை. அதைக் காத்துவைப்பது டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப். சிப் அதைத் தர மறுத்தால் வட்டைத் திறக்கும் மாற்றுச் சாவியே மீட்புச் சாவி. சிப்பின் அமைப்புகள் ஃபர்ம்வேரில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் போர்டின் மென்பொருளான பயாஸில், இருக்கின்றன.

இந்த வழிகாட்டி, ஏஎம்ஐ நிறுவனத்தின் ஆப்டியோ ஃபர்ம்வேர் ஓடும் மேசைக் கணினி போர்டுகளை மனத்தில் வைத்து எழுதியது. ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் மேல்பூச்சு வேறுவேறாக இருந்தாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் அதுவே. மெனுப் பெயர்களைத் திரையில் வாசிக்கும் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் போர்டில் ஓரிரு சொற்கள் மாறியிருக்கலாம்.

ஒவ்வொரு அமைப்பின் முன்னும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் பழையபடி திருப்பி வைத்தால் பழைய சாவியும் திரும்பி வருமா? இந்தப் பக்கங்களில் உள்ள அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை 'வரும்'. மூன்றே இடங்களில் 'வராது'. அந்த மூன்றையும் அதனதன் இடத்தில் குறிப்பிடுகிறேன்.

1. கை வைப்பதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

முதலில் மீட்புச் சாவி. 'நான் பிட்லாக்கரை இயக்கவே இல்லையே' என்று சொல்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், சாதன மறையாக்கம் உங்களைக் கேட்காமலே இயங்கத் தொடங்கியிருக்கலாம். ஹோம் பதிப்பும் இதற்கு விலக்கல்ல. ஆகவே நினைவை நம்பாமல், அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குள் போய்ச் சாதன மறையாக்கம் இயக்கத்தில் உள்ளதா என்று கண்ணால் பாருங்கள்.

இயக்கத்தில் இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பக்கத்தில் மீட்புச் சாவி இருக்கும். அதைத் தாளில் எழுதுங்கள், அல்லது வேறொரு சாதனத்தில் சேமியுங்கள். அதே கணினியின் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு நிம்மதியாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவியோடு அதன் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் நான்கு கணினிகள் இருந்தால் எந்தச் சாவி எதற்கு என்று சொல்வது அந்த எட்டு எழுத்துகள்தாம்.

அடுத்தது கணக்கின் கடவுச்சொல். தினமும் நான்கு இலக்கப் பின் போட்டு நுழைபவர்களுக்கு அசல் கடவுச்சொல் மறந்தே போயிருக்கும். விண்டோஸ் ஹலோ பின் சிப்போடு பிணைக்கப்பட்டது. சிப் மாறினால் பின் செல்லாது, கடவுச்சொல் மட்டுமே கைகொடுக்கும். ஒருமுறை கடவுச்சொல்லால் உள்நுழைந்து பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

அலுவலகக் கணினி என்றால் இன்னொன்றும் உண்டு: விபிஎன் சான்றிதழ், நிறுவனக் கணக்கில் சாதனத்தை இணைக்கும் சாவி, விண்டோஸ் ஹலோவில் சேமித்த பாஸ்கீ எல்லாம் இதே சிப்பில் இருக்கக்கூடும். மீட்புச் சாவி வட்டை மட்டுமே திறக்கும், இவற்றைத் திருப்பித் தராது. நிர்வாகியிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

கடைசியாக, ஃபர்ம்வேரின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிறகு ஏதாவது பிசகினால், பழைய நிலை எதுவென்று ஊகிக்க வேண்டியிருக்காது.

2. பிட்லாக்கரை நிறுத்திவைத்தல்

நிறுத்திவைப்பது வேறு, அணைப்பது வேறு. அணைத்தால் வட்டு முழுவதும் மறைநீக்கம் ஆகும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் போகும், இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. நிறுத்திவைத்தால் தரவு மறையாக்கத்திலேயே இருக்கும். வட்டின் சாவியை சிப்பின் உதவியில்லாமல் திறக்கும்படி ஒரு திறந்த சாவி வட்டிலேயே எழுதப்படும், அவ்வளவுதான். திரும்ப இயக்கும்போது அந்தத் திறந்த சாவி நீக்கப்பட்டு, அப்போதைய அளவீடுகளோடு புதிதாகப் பூட்டப்படும்.

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. கண்ட்ரோல் பேனலில் நிறுத்திவைத்தால், அடுத்த மறுதொடக்கத்தில் விண்டோஸ் தானாகவே பாதுகாப்பை மீண்டும் இயக்கிவிடும். நீங்களோ பயாஸைப் புதுப்பிக்கிறீர்கள், ஒருமுறை விண்டோஸுக்குள் போய்ப் பார்க்கிறீர்கள், பிறகு மீண்டும் ஃபர்ம்வேருக்குள் நுழைந்து சிப்பை மாற்றுகிறீர்கள். இரண்டாம் முறை நுழையும்போது நிறுத்திவைப்பு ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும்.

எனவே நிர்வாகி உரிமையுடன் பவர்ஷெல்லைத் திறந்து, சஸ்பெண்ட்-பிட்லாக்கர் கட்டளையில் ரீபூட்கவுண்ட் மதிப்பை 0 என்று கொடுங்கள். எதுவும் கொடுக்காவிட்டால் 1 என்றே எடுத்துக்கொள்ளும். இங்கே 0 என்பதற்கு, நீங்களே திரும்ப இயக்கும்வரை நிறுத்தியே வை என்று பொருள். எண்ணைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும், அதில் ஏமாறாதீர்கள். வேலை முடிந்ததும் நீங்களேதான் இயக்க வேண்டும், மறந்துவிட்டால் வட்டு பூட்டாத வீடுபோலக் கிடக்கும்.

3. எந்தச் சிப் என்று முடிவு செய்தல்

போர்டில் டிபிஎம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, பிராசஸர் அல்லது சிப்செட்டுக்குள்ளேயே ஃபர்ம்வேராக ஓடுவது. இன்டெல் இதை பிடிடி என்கிறது, ஏஎம்டி எஃப்டிபிஎம் என்கிறது. மற்றொன்று, போர்டில் பற்றவைத்த அல்லது முள் இணைப்பில் செருகும் தனிச் சிப். இரண்டும் இருந்தாலும் இயங்குதளத்துக்குக் காட்டப்படுவது ஒன்றுதான். 'இரண்டையும் இயக்கினால் இரட்டைப் பாதுகாப்பு' என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

எதைத் தேர்வது? வீட்டுக் கணினிக்கு உள்ளேயே இருப்பது போதும் என்பது என் கருத்து. தனிச் சிப் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் அதற்கும் பிராசஸருக்கும் இடையே ஓடும் கம்பிகள் வெளியே தெரிகின்றன. தொடக்கப் பின் (விண்டோஸ் எழும் முன்பே கேட்கும் எண்) இல்லாத பிட்லாக்கரில் வட்டின் சாவி அந்தக் கம்பிகளில் மறையாக்கம் இல்லாமல் போவதை 2019-லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2024-இல் ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு மின்னணுப் பலகையை வைத்து ஒரு நிமிடத்துக்குள் அதைப் பிடித்தும் காட்டினார்கள். எஃப்டிபிஎம்மும் உடைக்க முடியாதது அல்ல, பெர்லின் ஆய்வாளர்கள் 2023-இல் ஏஎம்டி எஃப்டிபிஎம்மின் உள்தரவை வெளியே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எந்தச் சிப்பானாலும், கணினி களவுபோகும் பயம் உண்மையாகவே இருந்தால் தொடக்கப் பின் ஒன்றை வையுங்கள். சிப்பை மாற்றுவதைவிட அதில் பலன் அதிகம்.

தனிச் சிப்தான் வேண்டும் என்றால், வாங்குவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். முதலாவது, சிப் போர்டோடு பேசும் இணைப்பு எல்பிசி வகையா, எஸ்பிஐ வகையா என்பது. சிப்பின் முதுகில் உள்ள எண்ணே சொல்லிவிடும். இன்ஃபினியன் எஸ்எல்பி 9665 எல்பிசி வகை, எஸ்எல்பி 9670 எஸ்பிஐ வகை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருகினால் வேலை செய்யாது. இரண்டாவது, முள்களின் அடுக்கு. ஒரு முள் இல்லாமல் அடைத்த இடம் எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 'எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பொருந்திவிடும்' என்று அழுத்திச் செருகாதீர்கள், போர்டின் கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். செருகும்போது மின்கம்பியைச் சுவரிலிருந்தே உருவிவிடுங்கள். கணினி அணைந்திருந்தாலும் காத்திருப்பு மின்சாரம் போர்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய தனிச் சிப் ஒன்றை எங்கிருந்தோ கழற்றிப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-இல் ரோகா என்ற குறை வெளிவந்தது. இன்ஃபினியன் சிப்புகள் உருவாக்கிய ஆர்எஸ்ஏ சாவிகளை ஊகித்துவிட முடியும் என்று தெரிந்தது. சிப்பின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது பாதி வேலைதான், பழைய ஃபர்ம்வேரில் உருவான சாவிகளையும் தூக்கியெறிந்து புதிதாக உருவாக்க வேண்டும்.

ஏஎம்டி போர்டு என்றால் பயாஸ் பதிப்பையும் பாருங்கள். எஃப்டிபிஎம் இயக்கத்தில் இருக்கும்போது கணினி அவ்வப்போது ஒரு நொடி திக்குவதை ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. ஃபிளாஷ் சிப்போடு நடக்கும் நீண்ட பரிமாற்றம்தான் காரணம். ஏஎம்டி போர்டு நிறுவனங்களுக்குத் தரும் அடிப்படைக் குறியீடான அஜெசாவின் 1.2.0.7 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட பயாஸில் அது சரிசெய்யப்பட்டது. பயாஸைப் புதுப்பிப்பதாக இருந்தால் இந்த இடத்திலேயே செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் அமைத்த பிறகு புதுப்பித்தால், அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பி உங்கள் உழைப்பு வீணாகலாம்.

4. சாதனத் தேர்வு

சிப்பைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு, டிபிஎம் பக்கத்தில் இருக்காது. இதுதான் பலரையும் அரைமணி நேரம் சுற்றவைக்கிறது. இன்டெல் போர்டில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் 'பிசிஎச்-எஃப்டபிள்யூ கான்ஃபிகரேஷன்' என்ற பக்கத்தில் பிடிடி இருக்கும். ஏஎம்டி போர்டில் அதே அட்வான்ஸ்டு பகுதியில் 'ஏஎம்டி எஃப்டிபிஎம் கான்ஃபிகரேஷன்' என்று தனிப் பக்கமாக இருக்கும். ஃபர்ம்வேர் டிபிஎம்மா, டிஸ்கிரீட் டிபிஎம்மா என்று அங்கே கேட்கும்.

இதை மாற்றுவது திரும்பக்கூடிய மாற்றம். எஃப்டிபிஎம்மிலிருந்து தனிச் சிப்புக்கு மாறினால் சாவிகள் கூடவே போகா, பழைய சிப்பில் இருந்தபடியே இருக்கும். அழிக்காமல் திரும்பி மாற்றினால் பழைய சாவியோடு கணினி எழும். நீலத் திரையைக் கண்டதும் முதலில் இங்கே வந்து பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஏஎம்டி பக்கத்தில் 'இரேஸ் எஃப்டிபிஎம் என்வி ஃபார் ஃபேக்டரி ரீசெட்' என்றொரு வரி பக்கத்திலேயே இருக்கும். பிராசஸர் மாறியது போன்ற நேரத்தில், எஃப்டிபிஎம்மின் பழைய தரவை அழித்துப் புதிதாகத் தொடங்க அனுமதிப்பது இதன் வேலை. திரும்பாத மூன்றில் முதலாவது இந்த அழிப்பு. அழிந்த தரவு, பழைய பிராசஸரையே திரும்பப் போட்டாலும் வராது.

மாற்றியதும் சேமித்து வெளியேறி, கணினியை முழுவதும் அணைத்து, மின்கம்பியை அரைநிமிடம் உருவிவிட்டு, பிறகு இயக்கி நேராக ஃபர்ம்வேருக்கே திரும்புங்கள். அடுத்த பக்கத்தில் உள்ள வரிகள், இப்போது தேர்ந்த சிப்பைப் பொறுத்தே தோன்றும் அல்லது மறையும். ஒரே மூச்சில் இரண்டு பக்கங்களையும் மாற்ற முயன்று, 'எனக்கு அந்த வரியே இல்லை' என்று சொல்பவர்கள் இந்த மறுதொடக்கத்தைத் தாண்டிப் போனவர்கள்தான்.

5. ட்ரஸ்டட் கம்ப்யூட்டிங் பக்கம்

முதல் வரி 'செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட்'. இது இயக்கத்தில் இருக்க வேண்டும். இதை அணைத்தால் சிப் இருந்தும் இயங்குதளத்துக்குத் தெரியாது. அணைத்தால் சாவி அழியாது, ஒளிந்துகொள்ளும், அவ்வளவே.

அதன் கீழே பிசிஆர் பேங்க் வரிகள். மற்ற வரிகளைவிட இவற்றில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

சிப்புக்குள் பிசிஆர் எனப்படும் பதிவேடுகள் 24 இருக்கின்றன, 0 முதல் 23 வரை. கணினி எழும்போது ஒவ்வொரு கட்டமும், அடுத்து ஓடப்போவதை அளந்து அதன் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்ணை) இங்கே பதிகிறது. நேரடியாக எதையும் எழுத முடியாது. பழைய மதிப்போடு புதிய அளவீட்டைச் சேர்த்து மீண்டும் ஹாஷ் செய்த மதிப்பே நிற்கும். ஆகவே நடுவில் ஒன்று மாறினாலும் கடைசி மதிப்பு மாறிவிடும். பதிவேடு 0-இல் ஃபர்ம்வேர், 2-இல் கூடுதல் கார்டுகளின் ரோம், 4-இல் பூட் மேனேஜர், 7-இல் செக்யூர் பூட்டின் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழவிடும் காவலின்) நிலை. பிட்லாக்கர் தன் சாவியை இந்த மதிப்புகளோடு பூட்டுகிறது: செக்யூர் பூட் ஒழுங்காக இருந்தால் 7, 11 ஆகிய இரண்டோடு, இல்லாவிட்டால் 0, 2, 4, 11 ஆகியவற்றோடு.

பேங்க் என்பது இந்த 24 பதிவேடுகளின் ஒரு முழுத் தொகுப்பு, ஒரு ஹாஷ் முறைக்கு ஒன்று. ஷா-1 பேங்க், ஷா-256 பேங்க், சில சிப்புகளில் ஷா-384 பேங்க். டிபிஎம் 1.2 சிப்பில் ஷா-1 மட்டுமே உண்டு. 2.0 சிப்பில் ஷா-256 பேங்க் இயங்கட்டும், பழைய மென்பொருள் எதுவும் கேட்காவிட்டால் ஷா-1 அணைந்திருக்கட்டும்.

'இரண்டும் இயங்கினால் என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஒரு பேங்க் இயக்கத்தில் இருந்தும் ஃபர்ம்வேர் அதில் அளவீடு எதையும் பதியாமல் விட்டால், அந்தப் பேங்க் வெற்றுத் தாளாகக் கிடக்கும். பிறகு எழும் எந்த மென்பொருளும் அதில் தனக்கு வேண்டிய கதையை எழுதிக்கொள்ளலாம். 2021 அக்டோபரில் சர்ஃபேஸ் ப்ரோ 3 கணினிகளில் வெளிவந்த குறை இந்த வகைதான்: ஷா-1, ஷா-256 இரண்டும் இயங்கின, ஆனால் ஷா-256 பேங்க் நிரப்பப்படாமல் விடப்பட்டது. பயன்படாத பேங்கைத் திறந்துவைக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் ஷா-256-ஐ இயக்கி, சேமித்து, விண்டோஸ் வரை ஒருமுறை எழவிடுங்கள். எல்லாம் சரி என்றால் திரும்பி வந்து ஷா-1-ஐ அணையுங்கள். பேங்க் மாற்றம் சிப் அடுத்த முறை முழுமையாக மீளத் தொடங்கும்போதுதான் நடைமுறைக்கு வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஏதாவது நின்றுபோனால், எது காரணம் என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

மற்ற வரிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

'டிபிஎம் 2.0 யுஇஎஃப்ஐ ஸ்பெக் வெர்ஷன்': டிசிஜி_2 என்று வையுங்கள். டிசிஜி_1_2 என்பது விண்டோஸ் 8 காலத்து ஒத்திசைவுக்கானது, அதில் நிகழ்வுப் பதிவும் பழைய வடிவத்தில் போகும்.

'பிசிக்கல் பிரசன்ஸ் ஸ்பெக் வெர்ஷன்': 1.3 என்றே விடுங்கள். இயங்குதளம் சிப்பில் ஏதாவது மாற்றம் கேட்கும்போது, கணினியின் முன்னால் உண்மையில் ஒரு மனிதர் இருக்கிறாரா என்று விசைப்பலகையில் கேட்டு உறுதிசெய்யும் முறை இது.

'டிபிஎம் 20 இன்டர்ஃபேஸ் டைப்': இங்கே டிஐஎஸ், சிஆர்பி என்று இரண்டு. தனிச் சிப்புகள் பெரும்பாலும் டிஐஎஸ் வழியாகவும், பிடிடி, எஃப்டிபிஎம் இரண்டும் சிஆர்பி வழியாகவும் பேசும். இயங்குதளம் எந்த டிரைவரை ஏற்ற வேண்டும் என்பதை இதுவே முடிவுசெய்கிறது. பல போர்டுகளில் இந்த வரி மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். அது நல்லதுதான். தொட முடிந்தாலும், விண்டோஸும் லினக்ஸும் சிப்பைக் காணவில்லை என்று சொல்லாதவரை மாற்றாதீர்கள்.

'டிவைஸ் செலக்ட்': ஆட்டோ. வேறு எதற்கும் காரணமில்லை.

'டிசேபிள் பிளாக் சிட்': இது டிபிஎம்மைச் சேர்ந்ததே அல்ல. தானாகவே மறையாக்கம் செய்யும் வட்டுகளின் உரிமையை மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டு பற்றியது. எப்படியோ இந்தப் பக்கத்தில் குடியேறிவிட்டது. விட்டுவிடுங்கள்.

6. ஹையரார்க்கி மூன்றும், பெண்டிங் ஆபரேஷனும்

பிளாட்ஃபார்ம், ஸ்டோரேஜ், எண்டார்ஸ்மென்ட் என்று மூன்று ஹையரார்க்கி வரிகள் இருக்கும். ஒரே சிப்புக்குள் மூன்று குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஃபர்ம்வேருக்கு, இரண்டாவது உங்கள் இயங்குதளத்துக்கு, மூன்றாவது இது இன்ன சிப் என்று வெளியுலகுக்குச் சான்று காட்ட. மூன்றும் இயக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்டோரேஜை அணைத்தவருக்கு, சிப் இருக்கிறது, ஆனால் பயன்பாட்டுக்குத் தயாராக இல்லை என்று விண்டோஸ் சொல்லும். அவர் விண்டோஸை இரண்டு முறை திரும்ப நிறுவிய பிறகுதான் இந்த வரியைப் பார்ப்பார்.

இப்போது 'பெண்டிங் ஆபரேஷன்'. இதில் 'நன்' என்று இருக்கும், இன்னொரு தேர்வு 'டிபிஎம் கிளியர்'. திரும்பாத மூன்றில் இரண்டாவது இது. கிளியர் செய்தால் ஸ்டோரேஜ் குடித்தனத்தின் மூல விதை தூக்கியெறியப்பட்டுப் புதிய விதை வைக்கப்படும். அந்த விதையிலிருந்து பிறந்த சாவிகளுக்குப் பிறகு மதிப்பே இல்லை. எண்டார்ஸ்மென்ட் விதை மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே கிளியர் செய்த சிப் வெளியே அதே சிப்பாகத்தான் அடையாளம் காட்டும், உள்ளே உங்களுடையது எதுவும் இருக்காது.

கிளியர் எப்போது தேவை? கணினியை வேறொருவருக்குக் கொடுக்கும்போது. பழைய கணினியிலிருந்து கழற்றிய தனிச் சிப்பைப் போடும்போது. ரோகா போன்ற குறைக்காகச் சாவிகளைப் புதுப்பிக்கும்போது. 'டிபிஎம் பிழை' என்று ஏதோ ஒரு செய்தி வந்ததற்காகச் செய்யக் கூடாது. ஒருமுறை பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், விளையாட்டு ஒன்று டிபிஎம் இல்லை என்று சொன்னதற்காக கிளியரைத் தேர்ந்து சேமித்துவிட்டார். உண்மையில் பயாஸ் புதுப்பித்ததில் எஃப்டிபிஎம் அணைந்திருந்தது. ஒரு வரியை மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, ஒரு வட்டின் தரவோடு முடிந்தது.

கிளியர் அவசியமே என்றால், பிட்லாக்கரை நிறுத்திவைத்த பிறகே செய்யுங்கள். மறுதொடக்கத்தில் உறுதிசெய்யச் சொல்லித் திரை வரும், அது சொல்லும் விசை போர்டுக்குப் போர்டு மாறும். வேலை நடந்ததும் வரி தானே 'நன்' என்று திரும்பிவிடும்.

7. பிராசஸர் மாற்றினால் வரும் திரை

ஏஎம்டி போர்டில் பிராசஸரை மாற்றினாலோ சில பயாஸ் புதுப்பிப்புகளுக்குப் பிறகோ, கறுப்புத் திரையில் ஆங்கில வரிகளோடு ஒரு கேள்வி வரும்: ஒய் அழுத்தினால் எஃப்டிபிஎம் புதிதாக்கப்படும், என் அழுத்தினால் பழைய பதிவு அப்படியே இருக்கும். ஒய் என்பது மேலே சொன்ன முதலாவது அழிப்பேதான், வேறு வேடத்தில் வருகிறது.

மீட்புச் சாவி கையில் இல்லையா? என் அழுத்துங்கள். புதிய பிராசஸரில் எஃப்டிபிஎம் இயங்காது, ஆனால் பழைய பிராசஸரைத் திரும்பப் போட்டால் சாவிகள் மீளும். போய்ச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து பிறகு ஒய் அழுத்தலாம். அவசரப்படுத்துவது திரை மட்டும்தான்.

மூன்றாவது திரும்பாத இடமும் இதற்கு நெருங்கிய உறவு. பிடிடி, எஃப்டிபிஎம் இரண்டும் தங்கள் நிலைத்த தரவை போர்டின் பயாஸ் ஃபிளாஷ் சிப்பில்தான் வைக்கின்றன. கணினி எழவில்லை என்று சர்வீஸ் கடைக்குக் கொடுத்தால், அந்த ஃபிளாஷை வெளிக் கருவியால் முழுவதும் அழித்து எழுதுவது அங்கே வழக்கமான மருந்து. கணினி எழுந்துவிடும், சாவி போய்விடும். கொடுப்பதற்கு முன், முதலில் உள்ளே இருப்பதைப் படித்து ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷைத் தொடாமல் சரிசெய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

8. சிஎஸ்எம், செக்யூர் பூட்

பழைய பயாஸ் முறையில் எழுவதற்கான சிஎஸ்எம் அணைந்திருக்க வேண்டும். அது இயங்கும்போது டிபிஎம் 2.0-ஐ மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, பதிவேடு 7-இல் வரும் அளவீடும் பொருளற்றதாகிவிடும். ஆனால் வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், சிஎஸ்எம்மை அணைத்ததும் கணினி எழாது. முதலில் விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள், பிறகு அணையுங்கள். அதற்குப் பிறகு செக்யூர் பூட். இந்த மூன்றின் வரிசை மாறினால் எதுவும் அழியாது, நேரம் மட்டும் போகும்.

9. சரிபார்த்தல்

விண்டோஸில் டிபிஎம் மேலாண்மைச் சாளரத்தைத் திறந்தால் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: பயன்பாட்டுக்குத் தயார் என்ற நிலை, ஸ்பெக் பதிப்பு 2.0. உற்பத்தியாளர் பெயரும் அங்கேயே இருக்கும். தனிச் சிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தும் ஏஎம்டி அல்லது இன்டெல் என்று வந்தால் நான்காவது படி நிற்கவில்லை என்று பொருள்.

பிறகு கணினித் தகவல் கருவியை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பிசிஆர்7 பற்றிய வரியைப் பாருங்கள். பிட்லாக்கர் இயங்கும் கணினியில், பாதுகாப்பைத் திரும்ப இயக்கிய பிறகு 'பவுண்ட்' என்று வர வேண்டும். பிணைக்க முடியாது என்று வந்தால் எட்டாவது படிக்குத் திரும்புங்கள். இதைப் பொருட்படுத்தாமல் விட்டால் பிட்லாக்கர் 0, 2, 4, 11 வழிக்குப் போய்விடும். அடுத்த பயாஸ் புதுப்பிப்பு ஒவ்வொன்றும் நீலத் திரையோடு வரும்.

லினக்ஸில் டெவ் அடைவுக்குள் டிபிஎம்0, டிபிஎம்ஆர்எம்0 என்று இரண்டும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கெர்னல் பதிவில் டிபிஎம் என்று தேடுங்கள். டிஐஎஸ் டிரைவர் ஏறியிருக்கிறதா, சிஆர்பி டிரைவர் ஏறியிருக்கிறதா என்பதை ஐந்தாவது படியில் வைத்த இன்டர்ஃபேஸோடு ஒப்பிடுங்கள். புதிய கெர்னல்களில், சிஸ் அடைவில் டிபிஎம்0-வின் கீழே பிசிஆர்-ஷா256 என்ற துணை அடைவு இருக்கும். உள்ளே பதிவேடு 0-இன் மதிப்பைத் திறந்து பாருங்கள். முழுவதும் பூஜ்யமாக இருந்தால் ஃபர்ம்வேர் அந்தப் பேங்கில் எதையும் பதியவில்லை.

கணினியை அணைத்து இயக்கி ஒருமுறையாவது சோதியுங்கள். மறுதொடக்கம் மட்டும் போதாது. விண்டோஸின் வேகத் தொடக்கம் முழு அணைப்பைத் தடுக்கும், ஆகவே ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைத் தேர்ந்தெடுங்கள்.

10. பூட்டைத் திரும்பப் போடுதல்

எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே பிட்லாக்கரைத் திரும்ப இயக்குங்கள். இந்த நொடியில் உள்ள அளவீடுகளோடு சாவி பூட்டப்படும் என்பதால், இதற்குப் பிறகு எதையும் மாற்றாமல் இருக்க வேண்டும். சிப் மாறியதாலோ கிளியர் செய்ததாலோ இயக்கம் பிழையில் நின்றால், பழைய டிபிஎம் பாதுகாப்பை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேருங்கள். மீட்புச் சாவிப் பாதுகாப்பை மட்டும் நீக்காதீர்கள். தொடக்கப் பின் வைத்திருந்தால், தவறான முயற்சிகள் 32 ஆனதும் சிப் பூட்டிக்கொள்ளும், பத்து நிமிடத்துக்கு ஒரு தவறை மறக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரம் கணினி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நீலத் திரை வந்தால், சாவியைத் தட்டச்சு செய்வதற்கு முன் கணினியை அணைத்து ஃபர்ம்வேருக்குள் போங்கள். பூட்டைத் திரும்பப் போட்டபோது வைத்திருந்த அமைப்புகளோடு இப்போதுள்ள பக்கங்களை ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். சாதனத் தேர்வு, செக்யூரிட்டி டிவைஸ் சப்போர்ட், பேங்க், செக்யூர் பூட், சிஎஸ்எம் என்ற வரிசையில் பாருங்கள். மாறியதைப் பழையபடி வைத்தாலே பெரும்பாலான கணினிகள் சாவி கேட்காமல் எழுந்துவிடும். பெண்டிங் ஆபரேஷன் வரியின் பக்கம் மட்டும் கை போகக் கூடாது.